இலங்கைக் காடுகளுக்குக் கிளம்பும் முன்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வார லீவில் இலங்கை முழுவதையும் சுற்றிவிடலாம் என்று போடுகிற திட்டம்தான் முதலில் கெடும். வரைபடத்தில் தீவு சின்னதாகத் தெரியும். ஆனால் மலைச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். இரண்டு பருவமழைகள் வேறு தீவைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும்போது மறுபக்கம் படகே இறங்காது. அதனால் உங்கள் லீவு எந்த மாதம் என்பதை வைத்துத் தீவின் ஒரு பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற பாதி அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும்.

1. லீவைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கொழும்பு, காலி, சிங்கராஜ வனம், மலையகத்தின் மேற்குச் சரிவு எல்லாம் நனையும். வடக்கும் கிழக்கும் அப்போது காய்ந்து கிடக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை, கதை தலைகீழ். அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் மழை. அந்த இரண்டு மாதத்தைத் தொடாதீர்கள்.

நம் ஊர் லீவுகளோடு பொருத்திப் பார்த்தால் இப்படி வரும்.

பொங்கல் லீவு: மலையகமும் தெற்கும். ஹோட்டன் சமவெளி, உடவளவைப் பூங்கா, சிங்கராஜ, மிரிஸ்ஸ கடலில் திமிங்கிலம். இயற்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஆண்டின் நல்ல காலம் இதுதான்.

அரையாண்டு லீவு: வழி அதேதான். ஆனால் டிசம்பர் 24 முதல் ஜனவரி 2 வரை வெளிநாட்டுக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருக்கும், அறை வாடகை எகிறும். முடிந்தால் பொங்கலுக்குத் தள்ளுங்கள்.

கோடை லீவு: ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடி மழை இருந்தாலும் காலை நேரம் பெரும்பாலும் கிடைக்கும். ஏப்ரல் 13, 14 சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு. அதை ஒட்டிய ஒரு வாரம் கடைகள் மூடியிருக்கும், ஓட்டுநர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், நுவரெலியாவில் கால் வைக்க இடம் இருக்காது. மே மாதம் என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் தெற்கை முடித்துவிடுங்கள்.

காலாண்டு லீவு (செப்டம்பர் கடைசி): வில்பத்துப் பூங்கா, ஹபரணை, திருகோணமலை. யால பூங்காவின் முதல் பிரிவை வறட்சிக்காகச் செப்டம்பரில் மூடுவது வழக்கம், அக்டோபர் நடுவில்தான் திறக்கும். இது தெரியாமல் பூங்காவுக்குப் பக்கத்து ஊரான திஸ்ஸமகாராமவில் அறை போட்டு ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

தேதி குறிக்கும்போது பௌர்ணமியையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா விடுமுறை. மதுக்கடை, இறைச்சிக்கடை மூடல் என்பது சின்ன விஷயம். போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் லீவாகி உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் பூங்காக்களுக்கு வந்துவிடுவார்கள். ஜீப்புக்குப் பின்னால் ஜீப்பாக நிற்கும்.

2. பாஸ்போர்ட்: இனிஷியலில்தான் சிக்கல்

பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் மேலே 2,000. 18 வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். முதல்முறை விண்ணப்பிக்கும் 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆதார், பிறந்த தேதிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றை அசலாகக் கொண்டு போங்கள். பழைய பாஸ்போர்ட் இருந்தால், இலங்கைக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு.

முதலாவது பெயர். ஆதாரில் "முருகன் கே" என்றும், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கே. முருகன்" என்றும் இருக்கும். விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட் வரும். ஆனால் விமான டிக்கெட் தளங்கள் இரண்டு பெயரும் கேட்டுத் திருப்பி அனுப்பும். ஏற்கெனவே ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், டிக்கெட் போடும் முன் விமான நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே பெயரை நிரப்புங்கள்.

இரண்டாவது முகவரி. ஓசூர் சிப்காட்டில் வேலை, வாடகை வீடு, ஆதாரில் மட்டும் பாலக்கோடோ அரூரோ என்று இருப்பவர்கள் நிறையப் பேர். போலீஸ் விசாரணை நீங்கள் கொடுக்கும் தற்போதைய முகவரிக்குத்தான் வரும். ஓசூர் முகவரி கொடுத்தால் அதற்குச் சான்று வேண்டும். ஊர் முகவரி கொடுத்துவிட்டு ஓசூரில் உட்கார்ந்திருந்தால், விசாரணைக்கு வருபவர் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். பிறகு அதைச் சரிசெய்ய அலைவதுதான் வேலை.

3. ஈடிஏ அனுமதி

ஈடிஏ என்பது இலங்கைக்குள் நுழைய இணையத்தில் வாங்கும் மின்னணுப் பயண அனுமதி. அதற்கு இலங்கை அரசின் தளம் ஒன்றே ஒன்று: ஈடிஏ டாட் கவ் டாட் எல்கே (eta.gov.lk). தேடுபொறியில் அதற்கு மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்துக் கூடுதல் பணம் பிடிக்கும். முகவரியைக் கையால் தட்டித் திறப்பதுதான் பாதுகாப்பு.

இந்தியர்களுக்கான கட்டண விதி கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது; இலவசமாகவும் இருந்திருக்கிறது. நண்பர் போன வருடம் கட்டியதை வைத்துக் கணக்குப் போடாமல், டிக்கெட் போடும் வாரம் அந்தத் தளத்திலேயே பாருங்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு விண்ணப்பித்தால் போதும். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் பயனில்லை, அதனால் அனுப்பும் முன் இன்னொருவரை விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் கடிதம், திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கான அறை ரசீது மூன்றையும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நிற்கும்போது போனில் சார்ஜ் இருக்காது.

4. எங்கிருந்து பறப்பது

நமக்குப் பெங்களூருதான். விமான நிலையம் ஓசூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 125, தருமபுரியிலிருந்து 170. கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, பறக்கும் நேரம் ஒன்றரை மணி அளவு. வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். பஸ்ஸில் போகிறவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி விமான நிலைய வாயு வஜ்ரா பஸ் பிடிக்கலாம். மெஜஸ்டிக் வரை போய்த் திரும்ப வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு மேல் சில்க் போர்டைக் கடக்கும் நிலை வந்தால் கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானத்தில் தேதிக் குழப்பம் சகஜம். டிக்கெட்டில் 14ஆம் தேதி அதிகாலை 2 மணி என்றால், நீங்கள் வீட்டை விட்டு இறங்குவது 13ஆம் தேதி மாலை. அறையை எந்தத் தேதிக்குப் போடுகிறோம் என்பதையும் இதை வைத்தே சரிபாருங்கள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்குச் சின்ன விமானம் இருக்கிறது. வடக்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது சரி. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வானிலை கெட்டால் நிறுத்திவிடுவார்கள். எண்ணி எடுத்த லீவுக்கு அது ஒத்துவராது.

5. தீவுக்குள் போக்குவரத்து

நான்கு பேருக்கு மேல் என்றால் ஓட்டுநரோடு வேன். நாளொன்றுக்கு 50 முதல் 70 டாலர் ஒதுக்கி வைத்துப் பேசத் தொடங்குங்கள். பேசும்போது நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: எரிபொருள் சேர்த்தா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை, ஓட்டுநர் தங்குமிடம் யார் செலவு, அதிவேகப் பாதைக் கட்டணம் யாருடையது. மசாலாத் தோட்டம், ரத்தினக்கல் கடை என்று நிறுத்திக்கொண்டே போனால் ஒரு சஃபாரி நேரமே போய்விடும். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மலை ரயில் ஆசை எல்லாருக்கும் உண்டு. நானுஓயா முதல் எல்ல வரை உள்ள பகுதிதான் அழகு. நடுவில் பட்டிப்பொல, தீவிலேயே உயரமான நிலையம். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், நல்ல ரயில்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். முன்பதிவு இல்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றைக்கே கிடைக்கும், நிற்கத் தயாராக இருந்தால். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலில் இந்தப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சேதமானது. ரயிலை நம்பி அறை போடும் முன் எந்தப் பகுதி ஓடுகிறது என்று ரயில்வே அறிவிப்பைப் பாருங்கள். தங்குமிடக்காரரிடம் கேட்டால் இன்னும் சரியாகச் சொல்வார்.

6. இரண்டு வழித்தடங்கள்

பொங்கல் வழி, ஏழு நாள். முதல் நாள் கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கண்டி, மூன்று நான்கு மணி நேரம். இரண்டாம் நாள் நுவரெலியா. மூன்றாம் நாள் அதிகாலை ஐந்துக்குக் கிளம்பி ஹோட்டன் சமவெளி, மாலைக்குள் எல்ல. நான்காம் நாள் காலை எல்லவில் சின்ன மலையேற்றம், மதியம் உடவளவைக்கு இறக்கம். ஐந்தாம் நாள் விடியற்காலை சஃபாரி, பிறகு சிங்கராஜவின் தெனியாய வாசல். ஆறாம் நாள் மழைக்காட்டில் நடை, மாலை மிரிஸ்ஸ. ஏழாம் நாள் காலை ஆறரைப் படகில் திமிங்கிலம், மதியம் தெற்கு அதிவேகப் பாதையில் விமான நிலையம்.

இதில் யால இல்லை. வேண்டுமென்றேதான். சிறுத்தை ஒன்று தென்பட்டால் முப்பது ஜீப் அதைச் சுற்றி வளைக்கும் இடம் அது. சிறுத்தைதான் வேண்டும் என்றால் வில்பத்து நல்லது. அங்கே பார்ப்பது உறுதி இல்லைதான், ஆனால் பார்த்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

செப்டம்பர் வழி, ஆறு நாள். முதல் நாள் கட்டுநாயக்கவிலிருந்து வில்பத்து ஓரம். இரண்டாம் நாள் முழுநாள் ஜீப். அரைநாள் எடுத்தால் உள்ளே இருக்கும் வில்லுகளை, அதாவது இயற்கை ஏரிகளை, ஒழுங்காகப் பார்க்க முடியாது. ஜூன், ஜூலையில் போக வாய்த்தால் பாலைப்பழக் காலம், கரடி மரமேறும். மூன்றாம் நாள் ஹபரணை, மாலை யானைகள். நான்காம் நாள் திருகோணமலை, நிலாவெளி. ஐந்தாம் நாள் காலை முதல் படகில் புறாத் தீவு, பவளப்பாறை. ஆறாம் நாள் முழுவதும் திரும்பும் பயணம். அன்று வேறு எதையும் வைக்காதீர்கள்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு, காசு கொடுத்து யானை பார்க்க வேண்டுமா என்று தோன்றும். ஹபரணை வேறு மாதிரி. கோடையில் அங்குள்ள மின்னேரியாக் குளம் வற்ற வற்றக் கரையில் புல் முளைக்கும். அதைத் தேடிப் பல கூட்டங்கள் ஒரே திடலில் ஒன்றுசேரும். ஆனால் குளத்தில் தண்ணீர் நிறைந்து நின்றால் யானைகள் பக்கத்திலிருக்கும் கவுடுல்லவுக்கோ ஹுருலுவுக்கோ போய்விடும். எனவே பூங்காவின் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்யாமல், அன்று மதியம் ஜீப் ஓட்டுநர்களிடம் "இன்றைக்கு எங்கே நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

7. பூங்காக் கட்டணம் எப்படி ஏறுகிறது

அறிவிப்புப் பலகையில் இருப்பது தலைக்கட்டணம் மட்டும்தான். அதற்கு மேல் குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வண்டிக்கு ஒரு கட்டணம், எல்லாவற்றுக்கும் 18 சதவீத வரி. ஜீப் வாடகை தனி. சேவைக் கட்டணமும் ஜீப்பும் ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை என்பதால் இரண்டு பேர் போனால் தலைக்குச் செலவு கூடும், ஆறு பேர் போனால் குறையும். பெரிய பூங்கா ஒன்றுக்கு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 40 முதல் 60 டாலர் ஒதுக்குங்கள். அதனால் இரண்டு பூங்கா போதும், நான்கு வேண்டாம்.

இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குத் தனிக் கட்டணம் உள்ள இடங்கள் உண்டு. சிகிரியா அதில் ஒன்று. நீங்களாகக் கேட்டு அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் கிடைக்கும், நகலை ஏற்க மாட்டார்கள். "நீங்கள் தமிழ் பேசுகிறீர்களே, உள்ளூர் டிக்கெட்டில் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். உள்ளே சோதித்தால் மாட்டுவது நீங்கள்தான்.

8. காட்டுக்குள் கவனிக்க வேண்டியவை

ஹோட்டன் சமவெளி 2,100 மீட்டர் உயரம். ஏற்காட்டுக் குளிரை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி படியும். ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் மூன்றும் வேண்டும். வாசல் ஆறு மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்கு மேல் மூடுபனி ஏறினால் ‘உலக முடிவு’ என்னும் செங்குத்துப் பாறை விளிம்பில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். முழுச் சுற்று ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், மூன்று மணி நேரம். பிரியும் இடத்தில் முதலில் உலக முடிவுக்குப் போகும் கிளையை எடுங்கள், பேக்கர் அருவி திரும்பும்போது வரட்டும். மூடுபனிக்கு அருவி ஓடிப்போகாது. பாலித்தீன் பைகளை வாசலிலேயே பறித்துவிடுவார்கள், பிஸ்கட்டைத் துணிப்பையில் கட்டிப் போங்கள்.

சிங்கராஜவில் அட்டை. ஜனவரியில்கூட மதியம் தூறலாம், தூறினால் கிளம்பிவிடும். முழங்கால் வரை வரும் அட்டைச் சாக்ஸை வாசலருகே கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஷூவைச் சுற்றி உப்புத் தண்ணீர் அல்லது சோப்பு தடவினால் கொஞ்சம் தாங்கும். கடித்ததைப் பிடித்து இழுக்க வேண்டாம், நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பினால் விழும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், அது நல்லதுதான். பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக மரம் விட்டு மரம் போவதை அவர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். காலை ஏழுக்குள் நடக்கத் தொடங்க வேண்டும் என்பதால் முந்தைய இரவு வாசலுக்கு அருகிலேயே தங்குங்கள்.

திமிங்கிலப் படகுக்கு வாந்தி மாத்திரையைப் படகேறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்பாவது போட வேண்டும். திமிங்கிலத்தைத் துரத்திக்கொண்டு போகும் படகு மலிவாகக் கிடைக்கும். தூரம் விட்டு நிறுத்துகிறவரைத் தேடிப் பிடியுங்கள்.

ஜீப்பை விட்டு இறங்குவது, சாலையோர யானைக்கு வாழைப்பழம் நீட்டுவது, சங்கு, பவளம் பொறுக்கிப் பையில் போடுவது எல்லாம் அங்கே சட்டப்படி தண்டனைக்குரியவை. டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுப்பதையும் அவமதிப்பாகப் பார்ப்பார்கள்.

9. பணம், சிம், பிளக்

நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றரை அளவில் வரும். இங்கிருந்து டாலராக எடுத்துப் போய் அங்கே விமான நிலைய வங்கிக் கவுண்டரில் மாற்றுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இந்திய ரூபாய் நோட்டு 25,000க்கு மேல் வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. லங்கா கியூஆர் உள்ள கடைகளில் யுபிஐ வேலை செய்யும். செயலியில் வெளிநாட்டுப் பரிமாற்றத்தைக் கிளம்பும் முன்பே இயக்கி வையுங்கள். கிராமத்துக் கடைக்கும் ஜீப்புக்கும் ரொக்கம்தான்.

சிம் விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். காட்டு ஓரங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். புதிய விடுதிகளில் 13 ஆம்பியர் சதுர முள் சாக்கெட். நம் உருண்டை முள் சார்ஜர் நுழையாது. ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. மொழியும் சாப்பாடும்

நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் தமிழே போதும். தெற்கிலும் சிங்கராஜவிலும் சிங்களம்தான், கொஞ்சம் ஆங்கிலம் ஓடும். பால் இல்லாத தேநீர் அங்கே பிளேன்டி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்: மாசி. தேங்காய்ச் சம்பல், பருப்பு, கீரைச் சுண்டல் எதிலும் மாசிக் கருவாட்டுத் தூள் விழுந்திருக்கும், பார்த்தால் தெரியாது. "மாசி போடாமல்" என்று கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். விடியற்காலை சஃபாரிக்கு விடுதியில் காலைச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். அதையும் முந்தைய இரவே கேளுங்கள்.

11. திரும்பும் நாள்

மிரிஸ்ஸவிலிருந்து விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் என்று ஓட்டுநர் சொன்னால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு உள்ளே இருக்க வேண்டும். திமிங்கிலப் படகு பதினொன்று, பன்னிரண்டு மணிக்குத்தான் கரைக்கு வரும், சில நாள் அதற்கும் மேல். அதனால் அன்று இரவு எட்டு மணிக்கு முன் கிளம்பும் விமானத்தைப் போடாதீர்கள். பெங்களூரில் நள்ளிரவில் இறங்கினால் தருமபுரிப் பஸ்ஸுக்காக மெஜஸ்டிக்கில் காத்திருப்பதைவிட, விடியும்வரை முனையத்திலேயே உட்கார்ந்துவிட்டு முதல் வாயு வஜ்ராவில் எலெக்ட்ரானிக் சிட்டி வந்து ஓசூர், கிருஷ்ணகிரி வண்டி ஏறுவது சுலபம்.